தண்டைச் சுற்றி நாலு விரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "தலை வலிக்குதா?" "இல்லம்மா." "தூங்கினியா?" "தூங்கினேன்." "அவன் ஏதாவது சொன்னானா?" டீயைக் குடித்து முடித்து, தம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதுதான் பதில்.

மகள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், வேலை பார்க்கிற ஊரிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால் "வேண்டாம்". இவர் மட்டும், "சரி, வேண்டாம்னா விடு. சாப்பிட்டியா?" என்று கேட்டார். இவர் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கை நடுரோட்டில் நிற்கிறது, இவருக்குச் சாப்பாடு.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டுகிறவள். காலையில் ரத்தம் எடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட். எதனால் காய்ச்சல், எதனால் சோர்வு, எல்லாம் தாளில் இருக்கும். காரணம் தெரியாத ஒன்றைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கி எழ எனக்குப் பழக்கமில்லை. அவளுக்கு ஏப்ரல் ஐந்து வரைக்கும்தான் லீவு. அதற்குள் சொல்லாமல் கிளம்பிவிட்டால் இனி எப்போதுமே சொல்ல மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

அந்தப் பையனின் அம்மா போன் செய்தார். "எங்க பையன்கிட்ட என்ன குறைன்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இருக்கு." எனக்கே தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்பார்களே. "பொண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று உளறி வைத்தேன். "அப்போ குறை உங்க பக்கம்தானா" என்று போனை வைத்துவிட்டார்.

நானே எடுத்துக் கொடுத்தேன். என் வாயில் மண்ணைப் போட.

மார்ச் 7, சனி

எழுந்து பார்த்தால் அறையில் அவள் இல்லை. ஓடித் தேடினேன். வாசல், மொட்டைமாடி, குளியலறை - எங்கேயும் இல்லை. கடைசியில் பின்பக்கம் இருக்கிறாள். இவர் என்றைக்கோ செங்கல் அடுக்கிக் கட்டிய உரத்தொட்டிக்குள் பாதி உடம்பு.

காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, உதிர்ந்த இலை என்று வருஷக்கணக்கில் நான் கொட்டுகிற தொட்டி அது. கொட்டுவதோடு சரி. ஒருநாளும் எடுத்துச் செடிக்குப் போட்டதில்லை. அவள் அடியில் இரண்டு செங்கலை உருவி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள்.

"நல்லா மக்கிடுச்சும்மா. மண் வாசனைதான் வருது."

வந்த நாளிலிருந்து அவளாகப் பேசிய முதல் வார்த்தை. அதுவும் குப்பையைப் பற்றி. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், "கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவு" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

நாள் முழுக்கப் பின்பக்கத்தில்தான் இருந்தாள். கத்தரி, மிளகாய், தக்காளிப் பாத்திகளில் களையெடுத்து, தண்ணீர் விட்டு, மண் நனைந்த பிறகு உரத்தைச் சல்லடையில் சலித்து மேலே பரப்பினாள். மூன்று விரல் கனம் இருக்கும். பரப்பிவிட்டுச் சும்மா விட்டுவிட்டாள்.

"கொத்தி விட வேண்டாமா? எருன்னா வேருக்குப் போக வேண்டாமா?"

"இது மூடாக்கும்மா. மண்ணுக்கு மேல போர்த்தி விடறது. வெயில் நேரா படாது, ஈரம் நிக்கும், களையும் அவ்வளவா வராது. நான் வேலை பாக்கற காலேஜ் தோட்டத்துல இப்படித்தான் போடறாங்க."

"மேலயே கிடந்தா செடி எப்படிச் சாப்பிடும்?"

"மண்புழு இழுத்துட்டுப் போகும். காட்டுல யாரும்மா கொத்தி விடறாங்க? இலை விழுது, விழுந்த இடத்துலயே மக்குது."

இவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் நாள் பூராவும் லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து இவருக்கு எதிலும் அவசரமே கிடையாது. "இந்த வீட்டுல நான் மக்கும் குப்பை, உங்கம்மா மக்காத குப்பை" என்றார். அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. நான் பார்த்தேன். என் செலவில் சிரிப்பு என்றாலும் பரவாயில்லை.

மாலையில் பக்கத்தில் போய், "மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடும்மா, பாரம் குறையும்" என்றேன். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நான்.

மார்ச் 10, செவ்வாய்

மூடாக்கை விலக்கிப் பார்த்தேன். அடியில் ஈரம் இருக்கிறது. புழு ஒன்றையும் காணோம்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு நான் செய்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த உரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, சாம்பிள் பாட்டிலில் போட்டு, லேபுக்கு எடுத்துப் போனேன். மதியம் கூட்டம் குறைந்ததும் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஏதேதோ நெளிகிறது, உருளுகிறது. உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்து, "யாரோடது மேடம்?" என்றாள். "எங்க வீட்டுக் கத்தரிக்காயோடது." அவள் மேலே எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் நாத்தனார் போன். இவருக்கு அக்கா. இந்தக் குடும்பத்தில் எங்கே யார் தும்மினாலும் மறுநாள் எல்லா வீட்டுக்கும் சேதி போகும், அனுப்புகிறவர் நாத்தனார்தான். "பொண்ணு வாய் தொறந்தாளா?" என்றார். இல்லை என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவள் தொட்டிக்குள் இறங்கியது, மூடாக்கு, பையனின் அம்மா பேசியது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. "பொண்ணுங்க சும்மா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, விடாதே, நல்லாக் கேளு" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

மார்ச் 15, ஞாயிறு

அவள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள், இரண்டு நாள். கிளம்பும்போது, "செடிக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. தண்ணி மட்டும் விடு" என்றாள்.

தண்ணீர் விட்டேன். துணி மடித்தேன். அவள் அறையைப் பெருக்கினேன். தலையணையை உதறினேன். மேஜை டிராயரைத் திறந்து, ஒன்றும் தொடாமல் மூடினேன். சரி, தொட்டேன். பழைய ரப்பர் பேண்டுகளும் ஒரு சீப்பும் இருந்தன. தோழிக்குத் தெரிந்திருக்குமோ? தோழிக்குச் சொல்லியிருப்பாள், எனக்குத்தான் சொல்லவில்லை.

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மேலே சும்மா கிடக்கிற உரத்தைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாத்தி பாத்தியாகக் கொத்தி, உரத்தையும் மண்ணையும் நன்றாகப் புரட்டிவிட்டேன். வியர்வை கொட்டியது. முடித்து நிமிர்ந்தபோது மனசு லேசாக இருந்தது. இந்த வீட்டில் ஒரு வேலையாவது முழுசாக முடிந்ததே.

மார்ச் 17, செவ்வாய்

கத்தரி இரண்டு நாள் வெயிலில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஐந்தில் மூன்று. தக்காளியும் துவண்டு கிடக்கிறது.

வந்தவள் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போனாள். "யாரு கொத்தினது?"

"நான்தான். எரு மேலயே கிடந்தா..."

"மேலாப்ல இருந்த வேரெல்லாம் வெட்டிட்டியேம்மா." அப்போது குரல் உயரவில்லை. பிறகுதான் உயர்ந்தது. "எல்லாத்தயும் கிளறிப் பாக்கணும் உனக்கு. மண்ண, என்ன, எல்லாத்தயும். மூடியிருந்தா மூடியே இருக்கட்டும்னு உனக்கு விடவே தெரியாதா? காலைல டீ குடுத்தா ஒரு கேள்வி. ராத்திரி தட்டு வச்சா ஒரு கேள்வி. எனக்கு இந்த வீட்டுல தண்ணி குடிக்கவே பயமா இருக்கு."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா, ஊர் கேக்குதே, நான் என்னன்னு பதில் சொல்றது - கத்தினேன். நான் கத்தியது எனக்கே காதில் விழுந்தது. ஊர் கேட்கிறது என்பதைத்தான் இரண்டு தடவை சொன்னேன். நீ எப்படி இருக்கே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

தண்ணி குடிக்க பயமா இருக்குதாம். என் வீட்டில். என் பெண்ணுக்கு.

மார்ச் 18, புதன்

அழுதேன். வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

சரிசெய்துவிட வேண்டும் என்று விடிந்ததுமே இறங்கிவிட்டேன். தொட்டியில் மிச்சமிருந்ததில் பாதியைக் கூடை கூடையாக வாரி, கொத்திய பாத்தி எல்லாவற்றிலும் போட்டேன். தாராளமாகத்தான் போட்டேன். மிளகாய்ச் செடிக்கெல்லாம் குழந்தைக்குக் கம்பளி சுற்றுகிற மாதிரி, தண்டு மறைய, முதல் கிளை வரைக்கும் அணைத்துப் போட்டேன். விரலால்கூடக் கிளறவில்லை. சத்தியமாக.

அவளிடம் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகப் பாலும் பழமும் ஜூஸுமாகக் கொண்டுபோய் வைக்கிறேன். மின்விசிறி போதுமா, ஜன்னல் திறக்கவா, கால் அமுக்கவா. இன்று மாலை அவள் கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தாள்.

கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றமா? வேறு என்னதான் செய்வது நான்?

மார்ச் 24, செவ்வாய்

மிளகாயில் இரண்டு செடி மஞ்சளாகிவிட்டது. கடைக்குக் கிளம்பிய இவர்தான் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, தண்டைச் சுற்றிக் குவிந்திருந்த உரத்தைக் கையால் விலக்கினார். தண்டு அடியில் ஊறிக் கறுத்துக் கொழகொழ என்று இருந்தது.

"என்னடி இது, கழுத்து வரைக்கும் புதைச்சு வச்சிருக்கே?"

மகளும் வந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், திடீரென்று சிரித்துவிட்டாள். "ஒண்ணு கொத்திக் கொல்லுவே, இல்லேன்னா மூடிக் கொல்லுவியாம்மா?" இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூக்குதான் அடைத்தது. அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இங்க பாரு. போர்த்தறது மண்ணுக்கு. தண்டுக்கு இல்ல. தண்டச் சுத்தி நாலு விரல் இடம் விடணும். காத்து பட்டாத்தான் அழுகாது."

என் நாலு விரலையே எடுத்துத் தண்டுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து காட்டினாள். அவள் கை என் கை மேல் கொஞ்ச நேரம் இருந்தது. நான் அசையவில்லை. பிறகு இரண்டு பேருமாக ஒவ்வொரு செடியாகப் போய்க் கழுத்தை விடுவித்தோம். அந்த இரண்டு மிளகாய் பிழைக்காது. மற்றவை பிழைக்கும் என்கிறாள்.

மார்ச் 26, வியாழன்

உரம் போட்ட இடமெல்லாம் தக்காளிக் கன்றுகள். பரங்கி வேறு. நான் என்றோ எறிந்த விதைகள் எல்லாம் சாகாமல் கிடந்திருக்கின்றன. மக்கும்போது தொட்டிக்குள் விதை சாகிற அளவு சூடு வரவில்லை என்று அர்த்தமாம். லேசாக இழுத்தாலே வந்துவிடுகின்றன. நாற்பதுக்கு மேல் பிடுங்கியிருப்பேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கிறது.

மார்ச் 28, சனி

நாத்தனார் நேரில் வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம். இந்தப் பக்கம் அவருக்கு என்ன வேலை?

டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நேராக ஆரம்பித்தார். "இங்க வா கண்ணு. அத்தைகிட்ட சொல்லு. அந்தப் பையன் தப்பா ஏதும் நடந்துக்கிட்டானா? இல்ல, உனக்கு வேற யாரையாவது பிடிச்சிருக்கா?"

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் பக்கம் என்று நினைத்திருப்பாள். நினைக்க மாட்டாளா என்ன? உண்மையைச் சொல்கிறேன், என் காது நீண்டுதான் இருந்தது. அவர் கேட்டது இரண்டும் நான் கேட்க நினைத்து விழுங்கியவை. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் பதில் வந்துவிடும் என்றுகூடத் தோன்றியது. ஒரு நிமிஷம்.

அவள் கழுத்து விடைப்பது தெரிந்தது. சின்ன வயதில் ஊசி போடும்போது அப்படித்தான் விடைப்பாள்.

"அண்ணி, விடுங்க" என்றேன். "கிளறாதீங்க."

"நான் கிளறறேனா? பெத்த பொண்ணு மாதிரி நினைச்சுக் கேட்டா..."

"அவ சொல்றப்ப சொல்லட்டும். சொல்லலேன்னாலும் பரவால்ல. டீ ஆறுது பாருங்க."

டீயைத் தொடாமலே கிளம்பிவிட்டார். வாசல் வரை போய், "ஏதோ பெரிய விஷயமாத்தான் இருக்கும், அதான் மூடி மறைக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி எல்லா வீட்டிலும் இதுதான் பேச்சு. போகட்டும்.

சொல்லலேன்னாலும் பரவால்ல என்று எப்படி என் வாயில் வந்தது? பரவாயில்லை என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே.

அந்த டீயை அவள் எடுத்துச் சூடாக்கி, இரண்டு தம்ளரில் ஊற்றி, எனக்கொன்று கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்காமல் குடித்தேன். டீயில் இனிப்பு அதிகம். நாத்தனாருக்காகப் போட்டது.

மார்ச் 30, திங்கள்

கேட்க நாக்கு நமைக்கிறது. ஐந்தாம் தேதி ஞாயிறு, அவள் கிளம்புகிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

லேபுக்கு இன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். போவதற்கு முன்னால் பாத்திகளுக்கு இன்னொரு அடுக்கு உரம் போட வேண்டும், சல்லடையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாள்.

கத்தரிப் பாத்தியில் ஆரம்பித்தோம். வாடிய மூன்றில் இரண்டு தேறிவிட்டன, புதுத் துளிர் வந்திருக்கிறது. அவள் சலித்துப் போட, நான் கையால் பரப்பிக்கொண்டு வந்தேன். முதல் செடி முடிந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். நடுவுல எதுவும் கேக்கக் கூடாது."

"ம்."

"என் மூஞ்சியப் பாக்கக் கூடாது. நீ பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இரு."

போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சில இடத்தில் குரல் நின்று, சல்லடை மட்டும் ஆடியது. நான் விரலை வைத்து அளந்து, தண்டைச் சுற்றி இடம் விட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தேன். கண்ணீர் உரத்தில் விழுந்தது, துடைக்கக் கை சுத்தமில்லை. கடைசிச் செடிக்கு வந்தபோது "அவ்ளோதான்" என்றாள்.

எத்தனை கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. எப்போலேருந்து? ஏன் அப்பவே சொல்லலை? அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா?

"இந்தப் பக்கம் மெலிசா இருக்கு" என்றேன்.

எட்டிப் பார்த்தாள். "ஆமா. இன்னும் ஒரு கை போடு."

போட்டேன். அதற்கப்புறம் தக்காளிப் பாத்திக்குப் போனோம்.

என்ன சொன்னாள் என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதப் போவதில்லை. நான் ராப்பகலாக மனதில் போட்டுப் புரட்டிய காரணங்களில் ஒன்றுகூட இல்லை அது. நாத்தனார் கேட்டதும் இல்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதற்கா கல்யாணத்தை நிறுத்தினாள் என்று கேட்கலாம். அவனோடு பேசிப் பழகினவளுக்குத்தான் தெரியும். என் பெண் செய்தது சரி. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 4, சனி

நாத்தனாருக்கு மனத்தாங்கல் ஒரு வாரம்தான் தாங்கியது. இன்று போன். "நாளைக்குக் கிளம்பறாளாமே. ஏதாவது சொன்னாளா?"

"இல்லை அண்ணி."

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட இல்ல."

"உனக்கு எப்படித்தான் மனசு ஆறுதோ, போ."

இத்தனை சுத்தமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. குரல்கூடப் பிசகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்று சொல்ல வந்து, "முடிஞ்சா போன் பண்ணு" என்றேன். "பண்றேம்மா" என்றாள். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடந்து வந்தோம். பாதி வழியில் இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்கிட்ட சொல்லிட்டா, இல்ல?"

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"காரணம் எனக்கு வேண்டாம். நான் கேட்டா தாங்குவேனா மாட்டேனா, அத மட்டும் சொல்லு. இத்தனை நாளா எனக்கு ராத்திரி சோறு இறங்கல."

எனக்கு நடை நின்றுவிட்டது. சாப்பிட்டியா என்று அவளைக் கேட்ட மனுஷன். ஒவ்வொரு ராத்திரியும் தட்டை வைத்தவள் நான். இவர் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று ஒருநாளாவது பார்த்தேனா?

"தாங்குவீங்க" என்றேன். "அவ சரியாத்தான் பண்ணியிருக்கா. நல்லா இருக்கா."

தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துத் துடைத்து, போட்டுக்கொள்ளாமலே கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கண்ணாடி இல்லாமல் இவருக்கு ரோடு தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை. பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.